சட்டையில் ஏறிய முத்திரை



சென்ற மாதம் ஒருநாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின் மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஸலாம் சொல்லி வந்து உட்கார்ந்தார். வீரபாண்டிப் பிரிவுக்கு அருகில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்கிறார். பனியன் கம்பெனிகள் வெட்டி அனுப்பும் துணியை நீண்ட மேசையில் வரிசையாக விரித்து, ஸ்கிரீன் வைத்துச் சாயம் இழுக்கும் வேலை. பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து என் மடியில் விரித்தார்.

துணியின் மேல்பகுதியில் கலிமாவின் முதற்பாதி. அதன் கீழே வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் மூன்று வரிகளில் மூன்று சொற்கள்: அல்லாஹ், ரஸூல், முஹம்மத்.

“ஹஜ்ரத், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி முதலாளி கொடுத்தார். எனக்கு அரபி தெரியும் என்பதால் என்னிடம் கொடுத்தார்” என்றார்.

எழுத்தில் பிழை இல்லை. என் மனம்தான் கலங்கியது.

விசாரித்தேன். வெளியூர் வியாபாரி ஒருவர் ‘பழங்காலக் கொடிகள்’ என்று பன்னிரண்டு டிசைன்கள் அனுப்பியிருக்கிறார். சோழரின் புலிக்கொடி ஒன்று, கடற்கொள்ளையரின் மண்டையோட்டுக் கொடி ஒன்று, அந்த வரிசையில் இது ஒன்று. முதலாளி மாற்று மதத்தவர், நல்ல மனிதர். இது என்ன கொடி என்று அவருக்குத் தெரியாது. மாணவருக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் அவர் என்னிடம் வாதாடினார்: “இது நம் நாயகத்தின் முத்திரை அல்லவா? கலிமா அல்லவா? கெட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக நாம் விட்டுக்கொடுப்பதா? மண்டையோட்டை அணிய உரிமை உண்டென்றால் இதை அணிய உரிமை இல்லையா?”

கேள்வி நியாயமானது. அவரை அதட்டி அனுப்பியிருந்தால் என் பொறுப்பு தீர்ந்திருக்காது. அன்று இஷா பாங்கு சொல்லும் வரை பேசினோம். அதில் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

வாசகர்களில் பலருக்கு 2014 நினைவிருக்கும். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு புகைப்படம் ஃபேஸ்புக்கில் பரவியது. இராமநாதபுரம் மாவட்டம் தொண்டியில், ஒரு பள்ளிவாசலின் முன்பு 26 இளைஞர்கள் ஒரே மாதிரியான கறுப்புச் சட்டை அணிந்து நிற்கிறார்கள். சட்டையில் ஐ.எஸ். இயக்கத்தின் சின்னம். அந்தச் சட்டைகள் தருவிக்கப்பட்ட ஊர் திருப்பூர் என்று அன்றைய செய்திகள் கூறின. இருவர் கைது செய்யப்பட்டனர். ஒரு புகைப்படம்; ஓர் ஊரின் பெயரும் ஒரு பள்ளிவாசலின் முகப்பும் நாடெங்கும் சென்று சேர்ந்தன. அவ்வியக்கத்தை இந்திய அரசு பெயர் குறித்துத் தடை செய்தது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆகவே, உரிமையா குற்றமா என்ற கேள்வி அன்று முற்றிலும் அர்த்தமற்றதாக இருக்கவில்லை.

உரிமையைப் பற்றித் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ரயில் நிலையத்தருகே குமரன் நினைவகத்தைத் தாண்டித்தான் நாம் தினமும் போகிறோம். 1932 ஜனவரி 10ஆம் நாள் இந்த ஊர்த் தெருவில் அவர் ஏந்திய கொடி அன்றைய ஆட்சியாளரின் கண்ணுக்குக் கலகக் கொடி. தடியடியில் மண்டை பிளந்து மறுநாள் உயிர் நீத்தார். இன்று அந்த மூவர்ணத்தின் வழிவந்த கொடிக்கு அரசே தலை வணங்குகிறது. 2004இல் நவீன் ஜிந்தால் என்பவரின் வழக்கில், தேசியக் கொடியை மரியாதையுடன் ஏற்றுவதும் குடிமகனின் கருத்துரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை வரம்பற்றதன்று என்பதையும் சேர்த்தே சொன்னது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட அன்று சண்டிகரில் காலிஸ்தான் முழக்கம் எழுப்பிய இருவரை 1995இல் அதே நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த முழக்கத்தால் யாரும் கிளர்ந்தெழவில்லை, வெறும் முழக்கம் மட்டும் தேசத்துரோகம் ஆகாது என்பது அதன் சாரம். சட்டம் தரும் இந்த இடம் விசாலமானது. அது விசாலமாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அது குறுகும்போது முதலில் நெருக்கப்படுகிறவர்கள் யார் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர்.

ஆனால் மாணவரின் கேள்விக்குச் சட்டம் பாதி பதில்தான் தரும். மீதிப் பாதி அந்தத் துணியைப் பார்க்கிறவர் யார் என்பதில் இருக்கிறது.

அவரிடம் கேட்டேன்: “உன் மேசைக்கு அடுத்த மேசையில் யார் வேலை செய்கிறார்?” பீகாரைச் சேர்ந்த ஒருவர் என்றார். நான் மோஸுல் நகரின் கதையைச் சொன்னேன். 2014 ஜூனில் அங்கே கட்டட வேலைக்குப் போயிருந்த 39 இந்தியத் தொழிலாளரை இந்தக் கொடியின் கீழ் நின்றவர்கள் பிடித்துச் சென்றார்கள். பஞ்சாப், இமாசலம், பீகார், மேற்கு வங்கம் எனப் பிழைப்புத் தேடிப் போன ஏழைகள். நம் ஊருக்கு வருகிறார்களே, அவர்களைப் போன்றவர்கள்தாம். அவர்கள் அனைவரும் கொல்லப்பட்ட செய்தி 2018 மார்ச் மாதத்தில்தான் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தன. அத்தகைய ஒரு வீட்டுப் பையன் இந்தத் துணியைப் பார்த்தால் அதில் நாயகத்தின் முத்திரையையா காண்பான்?

மற்றவர் இருக்கட்டும், நமக்கு வருவோம். 2014 ஜூலை 24 அன்று, ரமலான் மாதத்தில், மோஸுலில் இருந்த நபி யூனுஸ் (அலை) அவர்களின் பெயர் தாங்கிய பள்ளிவாசலை அவர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆகஸ்ட் 3இல் சிஞ்சார் மலைப்பகுதியில் யஸீதிகளின் ஊர்களில் புகுந்து ஆண்களைக் கொன்று பெண்களைச் சிறைபிடித்தார்கள். தொண்டிப் படம் வெளியானது ஏறத்தாழ அந்நாட்களில்தான். அடுத்த மாதமே உலகெங்கிலுமிருந்து 126 முஸ்லிம் அறிஞர்கள் அவ்வியக்கத் தலைவனுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அவன் செயல்கள் மார்க்கத்துக்கு முரணானவை என்று அறிவித்தார்கள். அந்தக் கடிதம் நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டை தெரிந்த அளவுக்குத் தெரியாது.

‘மனம் புண்படுகிறது’ என்பதை ஒரு சாக்காகச் சொல்கிறார்கள் என்று நாம் நினைப்பதுண்டு. 1994 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் பங்கேற்ற நாடுகளின் கொடிகளை உணவுப் பைகளில் அச்சிட்டது. சவூதிக் கொடியில் கலிமா இருப்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தின்று கசக்கி எறியும் பையில் கலிமாவா என்று முஸ்லிம்கள் குமுறினார்கள். பைகள் திரும்பப் பெறப்பட்டன. 2007இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் சிறுவர்களுக்கு இனாமாகக் கொடுத்த பந்துகளில் அதே கொடி இருந்தது. கலிமாவைக் காலால் உதைப்பதா என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டு இடத்திலும் கொடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் நம் நெஞ்சு வலித்தது உண்மை. அந்த வலியை உலகம் மதிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். அடுத்த மேசைக்காரரின் வலியை நிறுக்கும்போது மட்டும் வேறு படிக்கல்லை எடுக்கலாமா?

“அப்படியானால் நாயகத்தின் முத்திரையை விட்டுவிடுவதா?” என்று மாணவர் மறுபடியும் அங்கேயே வந்து நின்றார்.

நாயகம் (ஸல்) அவர்கள் அந்த மோதிரத்தைச் செய்தது எதற்காக? அயல்நாட்டு மன்னர்கள் முத்திரையில்லாக் கடிதத்தைப் படிப்பதில்லை என்று சொல்லப்பட்டதால், ‘முஹம்மது ரஸூலுல்லாஹ்’ என்று பொறித்த வெள்ளி மோதிரம் செய்தார்கள். அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோர் அணிந்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் அது அரீஸ் கிணற்றில் விழுந்துவிட்டது. இறைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. இன்று நாம் பார்க்கும் வட்ட வடிவம், அண்ணலார் அனுப்பியவை என்று சொல்லிப் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்ட கடிதங்களைப் பார்த்து வரையப்பட்டது. அக்கடிதங்களின் உண்மைத்தன்மையில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அண்ணலாரின் கொடிகள் கறுப்பாகவும் வெள்ளையாகவும் இருந்தன என்று அறிவிப்புகள் உள்ளன. இந்த வட்டத்தைத் தாங்கிய கறுப்புக் கொடி மோஸுல் கும்பல் உலகறியச் செய்தது. மதீனாவில் பறந்ததென்று நம்புவது பிழை.

இதைவிட முக்கியமானது ஹுதைபிய்யா. ஹிஜ்ரி 6இல் அண்ணலார் மக்கா குறைஷிகளுடன் உடன்படிக்கை எழுதினார்கள். அலீ (ரலி) அவர்கள் எழுதுகிறார்கள். ‘அல்லாஹ்வின் தூதர் முஹம்மது’ என்று எழுதியதும் எதிர்த்தரப்புத் தூதர் ஸுஹைல் பின் அம்ர் மறுத்தார். உம்மைத் தூதரென்று ஏற்றிருந்தால் கஅபாவுக்கு வரவிடாமல் ஏன் தடுப்போம், உம் பெயரையும் தந்தை பெயரையும் எழுதும் என்பது அவர் வாதம். அழித்துவிடுமாறு அண்ணலார் சொன்னார்கள். அலீ (ரலி) அவர்களுக்குக் கை வரவில்லை. அந்த இடத்தைக் காட்டச் சொல்லி அண்ணலாரே அச்சொல்லை அழித்தார்கள். முத்திரையில் இருப்பதும் அதே சொல்தான். மன்னர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஓங்கி நின்ற சொல், ஹுதைபிய்யாவின் தாளில் அமைதிக்காக அழிக்கப்பட்டது. அழித்ததால் தூதுத்துவத்தில் அணுவளவும் குறைந்துவிடவில்லை. ஸுஹைல் பின்னாளில் மக்கா வெற்றியின்போது இஸ்லாத்தைத் தழுவினார்.

மாணவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டது கடினமான கேள்வி. “ஹஜ்ரத், இன்றைக்கு இதை விடச் சொல்கிறீர்கள். நாளைக்குப் பச்சையைப் பார்த்தாலும் பிறைநிலவைப் பார்த்தாலும் மனம் புண்படுகிறது என்பார்கள். அதையும் அழிப்பீர்களா?”

மாட்டேன் என்றேன். 2019 தேர்தலில் வயநாட்டில் முஸ்லிம் லீக்கின் பச்சைக் கொடிகள் பறந்தபோது, அவை பாகிஸ்தான் கொடிகள் என்று வடபுலத்தில் பரப்பினார்கள். பாகிஸ்தான் கொடியில் கம்பத்தையொட்டி வெள்ளைப் பட்டை உண்டு; லீக் கொடியில் அது கிடையாது. 1948 மார்ச்சில் காயிதே மில்லத் தலைமையில் இதே சென்னையில் உருவான இந்தியக் கட்சி அது. அந்தக் கொடியின் கீழ் நின்று யாரும் யாரையும் கழுத்தறுக்கவில்லை. அறியாமல் பயந்தவருக்குப் பொறுமையாக விளக்கலாம்; அறிந்தே பழி சுமத்துகிறவருக்காக மீலாது ஊர்வலத்தில் பிறைக்கொடியைச் சுருட்டிவைக்க வேண்டியதில்லை. இரத்தம் பட்ட துணிக்கும் வீண்பழி பட்ட துணிக்கும் உள்ள வேறுபாடு இது. இந்த வேறுபாட்டை அரசும் காவல்துறையும் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்பதற்கு முன் நாமே பார்த்தாக வேண்டும்.

ஒன்றை மறந்துவிட்டேன் என்று எழுந்தவரை மீண்டும் உட்கார வைத்தேன். திருப்பூரில் பிறந்து வளர்ந்த நமக்கு பனியன் வேஸ்ட் தெரியும். அச்சுப் பிசகிய துண்டு, கறைபட்ட துண்டு எல்லாம் மூட்டையாகக் கட்டி விற்கப்படும். லேத் பட்டறையில் எண்ணெய் துடைக்கவும் லாரிக்காரர் கை துடைக்கவும் போகும். இறைநாமம் பொறித்த மோதிரத்தையே கழிப்பிடத்துக்குள் கொண்டுபோவது வெறுக்கத்தக்கது என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. சட்டையாக விற்றால் அது அங்கெல்லாம் போகும். பிசகினால் மூட்டையில் போகும். முத்திரையைக் காப்பாற்ற வந்தவர் இதைச் சிந்தித்தாரா?

அதற்குப் பதில் சொல்லாமல் மாணவர் துணியை மடித்தார்.

மறுநாள் முதலாளியிடம் அவரே பேசியிருக்கிறார். என்ன கொடி என்று தெரிந்ததும் முதலாளி திடுக்கிட்டு, அந்த டிசைனை மட்டும் போட இயலாது என்று வியாபாரிக்குச் சொல்லிவிட்டார். வியாபாரி கோபித்துக்கொண்டு பாதி டிசைன்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். புலியும் மண்டையோடும் நம் ஆட்களிடம் தங்கின. கைவிட்டுப்போன வேலையால் அந்த வாரம் மாணவருக்குக் கூலி குறைந்தது. அதை அவர் என்னிடம் ஒரு குறையாகச் சொல்லவில்லை, தற்செயலாகத்தான் தெரிய வந்தது. அந்த டிசைன் இப்போது எந்தப் பட்டறை மேசையில் கிடக்கிறதோ.

சாம்பிளுக்காக ஐந்து பீஸ் போட்டிருந்தார்களாம். வேஸ்ட் மூட்டையில் சேராதபடி அவற்றை மாணவர் எடுத்துவந்து என்னிடம் ஒப்படைத்தார். கிழிந்துபோன குர்ஆன் பிரதிகளை மண்ணில் அடக்குவதற்காகச் சேர்த்துவைக்கும் அலமாரியில், அந்தத் தாள்களோடு மடித்து வைத்திருக்கிறேன்.