உறுமிக்கு ஏன் வெட்கம்?

லண்டனில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண் மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்றால் உலகமே அறியும். முதல் ஆல்பத்துக்குத் தந்தை பெயர், 'அருளர்' (2005). இரண்டாவதற்குத் தாய் பெயர், 'கலா' (2007). சென்னையில் பதிவு செய்த உறுமி அதில் அதிருகிறது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அதையே 2007-இன் சிறந்த ஆல்பம் என்றது. ரசிகர்களோ மெதுவாகத்தான் வந்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் ஆல்பம் 18-ஆம் இடத்தோடு நின்றது; அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு 2008-இல்தான் 4-ஆம் இடம் பிடித்தது.

நம்ம பசங்களுக்குப் போட்டுக் காட்டினேன். "என்னடா, சாவு மேளம் மாதிரி இருக்கு?" என்றான் ஒருவன். பத்திரிகை பேரைச் சொன்னதும், "அப்படியா? இன்னொரு தடவை போடு" என்கிறான்!

வாலாஜாபாத் திருவிழாவில் மேளம் அடிக்கிறவரும் கலைஞர்தானே? அவருக்குக் கைதட்ட அமெரிக்காக்காரன் சர்டிபிகேட் எதற்கு? யோசியுங்கள்!