ஒப்பித்தல் ஓதலாகுமா?

1330 குறட்பாக்களையும் ஒப்பிக்கும் மாணவர்க்கு அரசு பரிசு வழங்குகிறது. அப்பிள்ளைகளின் உழைப்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஒப்பித்தவற்றுள் ஒரு குறளோடேனும் அவர்கள் வாதிட்டார்களா என்று எவரும் கேட்பதில்லையே என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

1923இல் வியன்னாவில் கூடிய மாநாட்டில் மெயிர் ஷப்பிரோ என்னும் யூத ரபி ஒரு திட்டத்தை முன்வைத்தார். உலகெங்குமுள்ள யூதர்கள் பாபிலோனியத் தால்முதின் ஒரே ஏட்டை ஒரே நாளில் படிக்க வேண்டும் என்பதே அது. 'தஃப் யோமி' என்பது அதன் பெயர். மொத்தம் 2711 ஏடுகள். ஒரு சுற்றுக்கு ஏழரை ஆண்டு. பதினான்காம் சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது.

நம்மை ஈர்ப்பது எண்ணிக்கையன்று, அந்த ஏட்டின் அமைப்பு. நடுவே மூலம்; ஒருபுறம் ராஷியின் உரை; மறுபுறம் தோசஃபோத் என்னும் உரைத்தொகுதி. பின்னதை இயற்றியோருள் ராஷியின் பேரர்களும் உண்டு. பாட்டனாரை மறுக்க அவர்கள் தயங்கவில்லை. ஹில்லேல் மரபும் ஷம்மாய் மரபும் மோதிய இடங்களில், தீர்ப்பில் தோற்ற தரப்பின் வாதமும் அழிக்கப்படாமல் நிற்கிறது. இருவர் எதிரெதிர் அமர்ந்து வாதிட்டுப் படிப்பதே அங்கு மரபு. அக்கல்வி பெண்களை நெடுங்காலம் விலக்கி வைத்தது; நாளுக்கு ஓர் ஏடு என்பது அவசரப் படிப்பு என்று யூதர்களே குறை கூறுவதும் உண்டு. ஆயினும் கேள்வியின்றி அந்த ஏட்டைக் கடக்க இயலாது.

இது நமக்கு அந்நியமா? இளம்பூரணரைச் சேனாவரையர் மறுத்தது தமிழில்தானே! குறளுக்குப் பதின்மர் உரை செய்ததாகப் பெருமை பேசுகிறோம். வகுப்பறையில் ஓருரையோடு நிறுத்திக்கொள்கிறோம். அறத்தின் ஒரு கூறாகிய ஒழுக்கத்தைப் பரிமேலழகர் வருணத்தோடு பிணைக்கிறார். வள்ளுவர் அப்படிச் சொன்னாரா? இக்கேள்வியைச் சந்திக்காமலே முதுகலைப் பட்டம் பெற முடிகிறதெனில், அந்த வெட்கம் ஆசிரியர்களாகிய நம்முடையது.

மனனமின்றி மரபில்லை என்பார் உளர். உண்மை, மனனம் விதைநெல். ஆனால் விதைநெல்லைக் குதிரில் பூட்டிவைத்து, வெள்ளாமை கண்டதாக விழா எடுப்பது எந்த ஊர் வழக்கம்?

நம் சங்கரன்கோவிலின் தலபுராணமே ஒரு வாதத்தில் தொடங்குகிறது. சிவனா, திருமாலா, யார் பெரியவர் என்று சங்கன், பதுமன் என்னும் நாகர்கள் வழக்காடினர். அதற்கு விடையாகத்தான் சங்கரநாராயணத் திருக்கோலம் வந்தது. ஆடித்தபசுக்குத் திரளும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வழக்கை நினைக்கிறோம்?

நாளுக்கு ஒரு குறள், முரண்படும் இரண்டு உரைகள், எதிரெதிரே இருவர். நான்கு ஆண்டுக்குள் முழு நூலும் முடிந்துவிடும். இதற்கு அரசாணை வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். ஒரு திண்ணை போதும். மாற்றுக் கருத்தைக் கேட்கும் பொறுமையும் வேண்டும். பின்னதுதான் நம்மிடம் அருகி வருகிறது.