இழந்ததை எழுதி வைத்த ஊர்

கிரேக்க தேசத்துக்குப் போய் மீண்டவர்கள் பெரும்பாலும் ஏதென்ஸ் மாநகரைப் பற்றியே பேசுவர். நான் எழுத விழைவதோ றோட்ஸ் தீவின் கிழக்குக் கரையில், கடலோரக் குன்றொன்றின் அடியிலே ஒட்டிக் கிடக்கும் லிண்டோஸ் என்னும் சிற்றூரைப் பற்றி. அவ்வூரைக் காணுமுன்பே அவ்வூரின் கல்லொன்றை நான் கண்டுவிட்டேன். அதுவும் கிரேக்கத்தில் அன்று, டென்மார்க்கில்.

அந்நாட்டிற் குடியேறி வாழும் என் தம்பியைப் பார்க்கச் சென்றிருந்தபோது, பெறாமகள் என்னைக் கோபன்ஹேகன் தேசிய நூதனசாலைக்கு அழைத்துச் சென்றாள். ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஒரு நெடுங்கல். அதன் முகமெங்கும் பொடிப்பொடியாகக் கிரேக்க எழுத்துகள். "பெரியப்பா, இது இல்லாமற்போன சாமான்களின் பட்டியல்" என்றாள் அவள். நாற்பதாண்டு காலம் வகுப்பறையிலே வரலாறு கற்பித்த எனக்கு அக்கல்லின் வரலாறு அன்றுவரை தெரியாது. அதைச் சொல்ல நான் நாணவில்லை.

கி.மு. 99ஆம் ஆண்டு. லிண்டோஸ் குன்றின் மேலிருந்த அதீனா தேவியின் கோயில் அந்நாளிலேயே மிகப் பழையது. மன்னரும் மாவீரரும் அளித்த காணிக்கைகள் ஒரு காலத்தில் அங்கே நிறைந்திருந்தன. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே நேர்ந்த தீவிபத்தில் அவற்றுட் பல எரிந்தன. எஞ்சியவற்றுட் பலவற்றைக் காலம் தின்றது. இனி அவற்றை மீட்க வழியில்லை என்று கண்ட ஊரவர் ஒரு தீர்மானம் செய்தனர். திமாகிதாஸ், தார்சகோராஸ் என்னும் இருவரைத் தெரிந்து, பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் ஆராய்ந்து, இன்ன பொருளை இன்னார் அளித்தார் என்பதைக் கல்லிற் பொறித்துக் கோயிலில் நாட்டுமாறு பணித்தனர். அக்கல்லே இது. பிற்காலத்தில் அதன் பெருமை அறியாதார் அதனை ஒரு சிறு தேவாலயத்தின் தரைக்கல்லாக்கினர். 1904இல் கிங்க், பிளிங்கென்பேர்க் என்னும் டேனிய அறிஞர்கள் அதனைக் கண்டெடுத்தனர். அக்காலத்தில் றோட்ஸ் துருக்கியச் சுல்தானின் ஆட்சியிலிருந்தது. இவ்வாறு கல் வடகடல் நாட்டுக்குப் போயிற்று.

அடுத்த கோடையிலே பெறாமகளும் நானும் லிண்டோசுக்குப் போனோம். வெண்சுதை பூசிய வீடுகள். கூழாங்கற்களைக் கறுப்பும் வெளுப்புமாகப் பதித்த முற்றங்கள். உல்லாசப் பிரயாணிகளைச் சுமந்து மலையேறும் கழுதைகள். குன்றின் இருபுறமும் நீலக் கடல். தெற்கே உள்ள சிறு குடாவிலேதான் புனித பவுல் கரையிறங்கினார் என்பது ஊர் வழக்கு. கடற்கரைகள் நிறைந்திருந்தன, நீராடியோரை நான் குறை கூறேன். அக்கடலைக் கண்டும் காலை நனையாமல் மீள்பவன் துறவியாகவே இருத்தல் வேண்டும்.

குன்றின் உயரம் 116 மீற்றர். ஏறும் வழியிலே பாறையைக் குடைந்து செதுக்கிய கப்பலின் பின்புறத்தைக் காணலாம், அது கி.மு. 2ஆம் நூற்றாண்டின் வேலை. மேலே புனித யோவான் சபை வீரர்கள் கட்டிய கோட்டை மதில். அதனுள்ளே நெடிய தூண்வரிசையும் அகன்ற படிக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கடலை நோக்கிய விளிம்பிலே, அதீனாவின் கோயில்.

அங்கு நிற்கும் தூண்களைக் கண்டு வியப்போர் ஒன்றை அறிதல் நன்று. 1912 முதல் இத்தீவை ஆண்ட இத்தாலியர், இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் விழுந்து கிடந்த தூண்கள் பலவற்றைச் சீமெந்தும் இரும்பும் கொண்டு நிமிர்த்தினர். கடற்காற்றிலே இரும்பு துருவேறிற்று. துரு பருத்துக் கல்லைப் பிளந்தது. 1948இல் தீவு கிரேக்கத்தோடு இணைந்த பின்னர், அவ்வேலையை அவிழ்த்துச் சீர்செய்யும் பொறுப்புக் கிரேக்க அறிஞர் தலையில் விழுந்தது. கல்லை நிமிர்த்தினால் பழமை மீண்டுவிடும் என்று எண்ணினோர் நல்லெண்ணத்தாற் செய்த பிழை இது.

இவ்விடத்திலேதான் என் கருத்தைச் சொல்லுகின்றேன். ஒன்றை இழந்தவர் செய்யத்தக்க முதற்பணி அதனைப் போன்ற ஒன்றைக் கட்டியெழுப்புவதன்று. இழந்தது யாது என்று எழுதி வைப்பதேயாம்.

அன்பர்கள் சிலர் மறுக்கக்கூடும். "ஹெலன் அளித்த கைக்காப்பு, மீனோஸ் மன்னனின் வெள்ளிக் கிண்ணம், கத்மொஸின் வெண்கலக் கொப்பரை என்றெல்லாம் அக்கல் கூறுகின்றதே! இவர்கள் கதைமாந்தரல்லரோ? இதுவா வரலாறு?" என்பர். நியாயமான கேள்வி. ஆயினும் கல்லை வரைந்தோர் ஒவ்வொரு காணிக்கைக்கும் சான்று காட்டினர். இச்செய்தியை இன்னார் தமது நூலிற் கூறினார், இன்ன பூசகர் தமது கடிதத்தில் எழுதினார் என்று பெயர் சுட்டினர். எகிப்திய மன்னன் அமாசிஸ் அளித்த நார்த்துணிக் கவசத்தைப் பற்றி ஹெரோடோட்டஸும் கூறுகின்றார். சான்று சுட்டப்பட்டமையால் எது உண்மை, எது கதை என்று இன்றும் நாம் ஆராயலாம். சான்றின்றி விடப்பட்டதன் கதி என்ன? லிண்டோசின் வடபுறத்து முனையிலே வட்டமான பழைய கல்லறையொன்று உண்டு. கிரேக்க ஞானியர் எழுவரில் ஒருவரும் இவ்வூரை ஆண்டவருமான கிளியோபுலொஸின் கல்லறை என்று அதனைச் சொல்வர். உண்மையில் அது அவருக்கு நெடுங்காலம் பிற்பட்ட ஒரு செல்வக் குடும்பத்தினது. எழுதாத இடத்திலே வாய்க்கு வந்த பெயர் குடியேறிவிடுகின்றது.

கோயிலின் நிழலிலே அமர்ந்து, பெறாமகள் தன் கொப்பியைத் திறந்தாள். கல்லின் மொழிபெயர்ப்பை டேனிய மொழியில் எழுதி வந்திருந்தாள். அதனைத் தனக்குத் தெரிந்த தமிழிலே தட்டுத்தடுமாறி எனக்கு வாசித்தாள். அவள் கூறிய பொருள்களில் ஒன்றேனும் எங்கள் கண்முன் இல்லை. ஆயினும் வெறும் கற்பரப்பாய்க் கிடந்த அவ்விடம் நிறைந்துவிட்டது.

அந்நேரத்திலே என் மனம் எங்கே போயிற்றென்று வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே மாணவப் பருவத்தில் அமர்ந்து படித்தவன் நான். கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது, மகிழ்ச்சியே. ஆனால் எரிந்த நூல்களின் தொகையைச் சொல்லத் தெரிந்த நம்மிற் பலர்க்கு, அவற்றுட் பத்து நூல்களின் பெயரைச் சொல்ல வருமா? நான் முயன்றேன், ஏழுடன் நின்றுவிட்டேன்.

அக்கல் லிண்டோசுக்குத் திரும்ப வேண்டுமா என்று பெறாமகள் கேட்டாள். திரும்புதல் அழகு என்றே நினைக்கின்றேன். எனினும் அதைப் பற்றி டேனியரும் கிரேக்கரும் பேசட்டும். நமக்கு உரிய பணி வேறு. நினைவுள்ள முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். ஆசிரியர்கள் தம் மாணவரை அவர்களிடம் அனுப்பி, இடிந்த மடம், எரிந்த ஏடு, கைவிட்ட வாசிகசாலை என ஒவ்வொன்றையும் கேட்டு எழுதச் செய்வாராக. சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் பக்கத்திலே குறிக்க மறவாதிருப்பாராக. என் ஏழு நூல்களின் பெயரை நான் எழுதி வைத்துவிட்டேன்.