சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை!



2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடையில் பழைய கார்களின் விலை ஏறியது. கல்முனையில் நான் சந்திக்கும் சகோதரிகள் சிலர் நகையை அடகு வைத்தே கார் வாங்கியிருக்கிறார்கள். அது நின்றுவிட்டால் முதலில் விற்கப்படுவது புதுப் பற்றரிதான்.

திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் வழமையான வேகத்தில் சுற்றினால், பற்றரியும் ஸ்டார்ட்டர் மோட்டோரும் வேலை செய்கின்றன. பெற்றோல் வரவில்லையா, தீப்பொறி வரவில்லையா என்றே பார்க்க வேண்டும். திறப்பை ‘ஒன்’ நிலையில் வைத்துக் காது கொடுங்கள். இன்ஜெக்ஷன் கார்கள் பலவற்றில் பின்பக்கமிருந்து ஓரிரு விநாடி பம்பின் இரைச்சல் கேட்கும். கேட்காவிட்டால் முதலில் பியூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள். கேட்டால் ப்ளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த பெண்ணிடம், “எஞ்சின் போய்விட்டது” என்று எவரும் எளிதில் பணம் கேட்க மாட்டார்.