மேல் ரகமா, கீழ் ரகமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. கணித மாணவி)

கார் வாங்குவது பணம் படைத்தவர்களின் பேச்சு என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று நிலைமை மாறிவிட்டது. நம் கல்லூரி மாணவர் பலருடைய வீடுகளிலும், கடன் வாங்கியாவது, சீட்டுப் போட்டாவது, வாசலில் ஒரு கார் நிற்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மழையிலும் வெயிலிலும் ஒரு மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் போவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் எந்தக் கார் என்று முடிவு செய்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தக் காரில் எந்த ரகம் என்ற கேள்வி அதன் பிறகுதான் தலைதூக்குகிறது. அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறான விடையை எழுதுகிறார்கள் என்பது என் கருத்து.

(நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் ‘மகிழுந்து’ என்று எழுதச் சொல்வார்கள். எழுதலாம்தான். ஆனால் மாதத் தவணையை நினைக்கும்போது ‘மகிழ்’ என்ற சொல் பேனாவில் வர மறுக்கிறது. ஆகவே கார் என்றே எழுதுகிறேன், பொறுத்தருள்க.)

நம் தாத்தாமார் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. அம்பாசடர் அல்லது பிரிமியர் பத்மினி. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வந்த வண்டியே வண்டி. இன்றோ ஒரே காருக்கு நான்கு ரகம், அதில் கையால் கியர் போடுவது, தானே போட்டுக்கொள்வது, பெட்ரோல், எரிவாயு என்று கிளைகள். டிக்கியோடு கூடிய சிறிய கார்களையே எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், 4 மீட்டருக்குள் நீளமும் சிறிய எஞ்சினும் உள்ள கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. அதன் விளைவாகப் பிறந்த சாதி இது. 2008இல் வந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம் இருந்தது. 2012இல் வந்த அடுத்த தலைமுறை 3,995 மில்லிமீட்டராக வால் நறுக்கப்பட்டு வந்தது. வரிக்காக நறுக்கிய வாலைத்தான் நாம் இன்று அழகு என்கிறோம்!

நான் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த 2025 பொங்கல் விடுமுறையில், என் தாய்மாமா கார் வாங்கப் புறப்பட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் பிறருடைய கார்களை ஓட்டியவர். சீட்டுப் பணம் கையில் வந்திருந்தது. மீதிக்கு வங்கிக் கடன். சில வாரங்களுக்கு முன்பு, 2024 நவம்பர் 11 அன்று, டிசையரின் நான்காம் தலைமுறை வெளியாகியிருந்தது. கார் எது என்பதில் மாமாவுக்கு ஐயமே இல்லை. “ரகம் எதுன்னு நீ பாத்துச் சொல்லு தாயி, நீதான் படிக்கிற பிள்ள” என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். விலைப்பட்டியலும் விளக்கப் புத்தகமும் ஆங்கிலத்தில் இருந்தன என்பதே அதன் பொருள். எங்கள் குடும்பத்தில் அந்த எழுத்தைத் தடுக்கி விழாமல் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். பல லட்ச ரூபாய் முடிவு ஒன்று என் மடியில் வைக்கப்பட்டபோது எனக்குக் கை நடுங்கியதை மறைக்கவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் விற்பனைக்கு நின்ற இளைஞர் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “டாக்ஸி போர்டுக்கா?” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்தான் மாமாவை மேல் ரகத்தின் பக்கம் தள்ளியது என்று நான் உறுதியாகச் சொல்வேன். “இல்ல தம்பி, சொந்தத்துக்கு. டாப் எண்ட் காட்டுங்க” என்றார். முதலாளி வீட்டுக் காரில் கூரைக் கண்ணாடியைத் திறந்து பிள்ளைகள் எழுந்து நின்று கையசைப்பதை எத்தனையோ முறை பின்னோக்குக் கண்ணாடியில் பார்த்தவர் அவர். ஓடும் காரில் அப்படி நிற்பது உயிருக்கு ஆபத்து என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் தம் பிள்ளைகளுக்கும் அந்தக் கூரை வேண்டும் என்று தோன்றிவிட்டது. நண்பர்களே, மேல் ரகம் விற்பது இப்படித்தான். திருகாணியும் தகரமும் மட்டுமா அங்கே விலைபோகின்றன? நம்மை யாரோ என்றோ குறைத்துப் பேசியதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பும் சேர்ந்தே விலைபோகிறது.

வெளியீட்டின்போது, கையால் கியர் போடும் பெட்ரோல் வண்டியின் கடை விலை இவ்வாறு இருந்தது: எல்எக்ஸ்ஐ 6,79,000, விஎக்ஸ்ஐ 7,79,000, இசட்எக்ஸ்ஐ 8,89,000, இசட்எக்ஸ்ஐ பிளஸ் 9,69,000 ரூபாய். பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து, கணித மாணவி அல்லவா, ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு ரகத்துக்கும் எத்தனை சரிக்குறிகள் என்று எண்ணினேன். மேலே போகப் போக ஒரு ரகத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கூடுதல் குறிகளால் வகுத்துப் பார்த்தேன். குறி ஒன்றுக்குச் சொற்பத் தொகைதான் வந்தது. மேல் ரகமே இலாபம் என்று விடையையும் எழுதிவிட்டேன்.

மாமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். “உயிரக் காப்பாத்துற பையிக்கும் ஒரு டிக்கு, சக்கரத்து அழகுக்கும் ஒரு டிக்கா?” என்று கேட்டார். பிறகு அவரே, “இதுல எத நாளைக்கு நம்ம மாட்டிக்கிறலாம், எத மாட்டவே முடியாது? அத மட்டும் பிரிச்சு எழுது தாயி” என்றார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவர் அவர். சராசரி எடுக்கும்போது எடையிட வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். வீட்டில் அது எனக்குத் தோன்றவில்லை.

பிரித்து எழுதிய பிறகு பட்டியல் வேறு முகம் காட்டியது. அலாய் சக்கரம், பின்னால் பார்க்கும் கேமரா, பெரிய திரை, ஒலிபெருக்கிகள், இருக்கை உறை முதலியவை எல்லாம் நாளை மாட்டிக்கொள்ளக்கூடியவை. மாட்ட முடியாதவை எவை? காற்றுப்பை, வண்டி சறுக்கும்போது நிலைநிறுத்தும் மின்னணு அமைப்பு, உடல்கூட்டின் வலிமை, இருக்கைகளின் அமைப்பு, குளிர்க்காற்றுக் குழாயின் பாதை. இவற்றில் முதல் மூன்றும் இந்தக் காரில் கடைசி ரகத்துக்கும் உண்டு. ஆறு காற்றுப்பைகளும், ஐந்து இருக்கைக்கும் மும்முனைப் பட்டையும் எல்லா ரகத்திலும் ஒன்றே. இந்தக் கார்தான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில், பெரியவர் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரமும் பெற்றது. கூரைக் கண்ணாடிக்கு அதில் பங்கில்லை. அப்படியானால் மேல் ரகக்காரர் கூடுதலாக வாங்கும் பாதுகாப்பு என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியென்றால் கடைசி ரகமே போதுமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் முழுவதும் அதற்காக வாதாடினேன். இரண்டு சங்கதிகள் என் வாயை அடைத்தன. ஒன்று, ஓட்டுநர் இருக்கையை உயர்த்தித் தாழ்த்தும் வசதி விஎக்ஸ்ஐ ரகத்திலிருந்துதான் வருகிறது. மாமா குள்ளமானவர். இருபத்திரண்டு ஆண்டுகளும் முதலாளிகளின் காரில் ஒரு சிறு தலையணையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தே ஓட்டியவர். இரண்டு, பின் இருக்கைக்குத் தனியே குளிர்க்காற்று வரும் வழியும் அந்த ரகத்திலிருந்துதான். பின்னால் உட்காரப் போகிறவர் முழங்கால் வலியோடு மதுரை மருத்துவமனைக்குப் போய்வரும் எங்கள் அம்மாச்சி. சித்திரை வெயிலில் முன்னால் இருப்பவர் குளிர, பின்னால் இருப்பவர் வேகும் காரில் நான் போயிருக்கிறேன். இவ்விரண்டையும் எந்தக் கடையிலும் பிறகு மாட்ட முடியாது. ஒரு லட்சம் அதிகம்தான். ஆனால் அது யாருக்காக என்று பெயர் சொல்ல முடிகிறது.

அதற்கு மேல் உள்ளதற்குப் பெயர் சொல்ல முடியவில்லை. விஎக்ஸ்ஐக்கும் உச்ச ரகத்துக்கும் வித்தியாசம் 1,90,000 ரூபாய். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, 60 மாதத் தவணை என்று வைத்துக்கொண்டால், இந்த வித்தியாசத்துக்கு மட்டும் மாதம் 3,944 ரூபாய் கட்ட வேண்டும். ஐந்து ஆண்டு முடிவில் கைவிட்டுப் போவது ஏறத்தாழ 2,36,600 ரூபாய். மாமா வீட்டு மாத மளிகையில் அது பாதி. நம் கல்லூரியில் மூன்று ஆண்டும் நான் கட்டப்போகும் கட்டணம் அதில் ஒரு துளி. மாதம் மூவாயிரம், நாலாயிரம் என்று சொல்லும்போது சிறிதாகத் தோன்றுவதால்தான் கடைக்காரர்கள் மொத்தத்தைச் சொல்லாமல் மாதத்தையே சொல்கிறார்கள். எந்த ரகத்துக்குச் சொன்னாலும் ‘மொத்தம் எவ்வளவு?’ என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். காப்பீட்டை வெளியிலும் எடுக்கலாம் என்பதையும், அலங்காரப் பொருள் கட்டு கட்டாயமில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. எங்களிடம் அவை இரண்டும் கேட்காமலே பில்லில் ஏறியிருந்தன. மாமா பேனாவை வாங்கி அடித்தார்.

எரிவாயு வண்டியைப் பற்றியும் பேச்சு வந்தது. அது 95,000 ரூபாய் அதிகம். நிறுவனம் சொல்லும் கணக்கில் பெட்ரோல் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், எரிவாயு கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர். பெட்ரோல் 100 ரூபாய், எரிவாயு 90 ரூபாய் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு மிச்சம் ஒரு ரூபாய் முப்பத்தேழு காசு. போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 70,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வாடகைக்கு ஓட்டுபவர் இரண்டு ஆண்டுக்குள் எட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் மருத்துவமனை நாளும் மட்டும் எடுக்கும் எங்களுக்கு எட்டு, ஒன்பது ஆண்டு ஆகும். டிக்கியில் பாதியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். தானே கியர் மாற்றும் வண்டியைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். “இத்தன வருசம் கியர் போட்ட கை, சும்மா இருக்காது தாயி” என்று முடித்துவிட்டார்.

என் அளவுகோல் எல்லாக் காருக்கும் இதே விடையைத் தரும் என்று யாரும் எண்ண வேண்டா. 2024 டிசம்பரில் வந்த புதிய அமேஸ் காரில், எதிரே மோதல் நேரும் நிலையில் கேமராவின் துணையால் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு உச்ச ரகமான இசட்எக்ஸ் ஒன்றுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. அதைப் பிறகு மாட்ட முடியாது. நெடுஞ்சாலையில் தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவர் அங்கே மேல் ரகத்தை எடுத்தால் அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

பழைய கார் வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம். நம் வீடுகளில் முதல் கார் பெரும்பாலும் பழைய கார்தான். ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். முன்பக்கப் பயணிக்கும் கட்டாயமானது 2021ஆம் ஆண்டின் இறுதியோடு. அதற்கு முன் பல சிறிய கார்களில் காற்றுப்பை மேல் ரகக்காரர்களின் தனிச்சொத்து. ஒரே ஆண்டு, ஒரே நிறம், ஒரே கார். ஒன்றில் பை உண்டு, மற்றொன்றில் இல்லை. அங்கே மட்டும் இருபதாயிரம், முப்பதாயிரம் கூடக் கொடுத்தாலும் மேல் ரகத்தைத்தான் வாங்க வேண்டும் என்பேன். தரகர் சொல்வதை நம்பாமல், ஸ்டீயரிங்கின் நடுவிலும் இடப்பக்கப் பலகையின் மேலும் காற்றுப்பைக்கான எழுத்து அச்சாகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சாவியைத் திருப்பியதும் அதற்கான விளக்கு எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லையென்றால், பை ஒருமுறை வெடித்து, மாற்றப்படாமல் விளக்கு மட்டும் பிடுங்கப்பட்ட வண்டியாகவும் இருக்கலாம்.

மாமா விஎக்ஸ்ஐயை எடுத்தார். கடையில் ஒரு நொடி உச்ச ரகத்தின் கூரையை நிமிர்ந்து பார்த்தார், நானும் பார்த்தேன், இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஊரில் பெரியப்பா ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து “டாப் எண்டா?” என்று கேட்டபோது, “நமக்குள்ள எண்டு” என்றார் மாமா. எட்டு மாதம் கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைக் கார்களுக்கு வரி, மேல்வரியோடு சேர்த்து 29 விழுக்காட்டிலிருந்து 18 ஆக இறங்கியது. காத்திருந்தால் மிச்சமாகியிருக்கும் தொகையை நான் கணக்குப் போட்டேன், அவரிடம் சொல்லவில்லை. அவரே போட்டிருப்பார்.

அந்தத் தலையணை இப்போது பின் இருக்கையில், அம்மாச்சியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.