தெளிந்த நீரும் விழிப்புள்ள மீனும்



கலங்கிய குட்டையில் மீன் பிடித்தல் என்னும் வழக்கு நம்மிடையே நெடுநாளாக உண்டு. நீர் கலங்கினால் மீன் நம்மைக் காணாது. கைக்கு எட்டியதை அள்ளிக்கொள்ளலாம். நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலோ, மீன் நம்மைக் காண்கிறது. நாமும் மீனைக் காண்கிறோம். இவ்விரண்டில் எது மீன் பிடிப்பவனுக்குப் பெரிய சோதனை? இம்மாதம் அதனைச் சிந்திப்போம்.

வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்தனுள் ஈரி ஏரியே ஆழம் குறைந்தது. 1960-களில் ஆலைக் கழிவாலும் நகரச் சாக்கடையாலும் கெட்டுப் பாசி மண்டிக் கிடந்த இவ்வேரியைக் காக்க, அமெரிக்காவும் கனடாவும் 1972-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. பின்னர் எவரும் அழையாத விருந்தாளி ஒன்று வந்து சேர்ந்தது. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளுக்கு உரிய வரிச்சிப்பி, கப்பல்களின் அடியில் பாரத்திற்காக நிரப்பப்படும் நீரோடு வந்து, 1988-இல் அண்மையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. விரல் நகமளவே உள்ள இச்சிப்பி, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்ணும். அளவிறந்து பெருகிய சிப்பிகள் சில ஆண்டுகளில் ஈரி ஏரியின் நீரைப் பெரிதும் தெளியவைத்தன. மேற்குப் பகுதியில் கோடையில் பாசி படர்வது இன்றும் உண்டு. எனினும் பாறைகள் நிறைந்த கரையோரங்கள் பலவற்றில், அடியிலுள்ள கற்களைப் படகிலிருந்தே காணலாம்.

அக்கற்களிடையே வாழ்வது சிறுவாய் பாஸ் என்னும் நன்னீர் மீன். நம் கடற்கரையில் கிடைக்கும் கொடுவா வேறு, இது வேறு. கண்ணால் இரை தேடும் இம்மீன் மேல்நோக்கிப் பார்க்கையில், நீர்மட்டம் வட்டமானதொரு சாளரம்போல் அதற்குத் தோன்றும். ஒளி நீரில் புகும்போது வளைவதால், கரை, படகு, வானம் யாவும் ஏறத்தாழ 97 பாகை விரிந்த அச்சாளரத்துள் அடங்கிவிடும். படகில் எழுந்து நிற்பவன் அதற்கு நன்கு தெரிவான். தொலைவில் தாழ்ந்து அமர்ந்தவனோ சாளரத்தின் விளிம்பில் மங்கி நசுங்கியே தெரிவான். அதன் விலாப்புறத்தில் ஓடும் உணர்கோடு, நீரில் பரவும் அதிர்வையும் அறிந்துகொள்ளும்.

ஆகவே அனுபவமிக்க தூண்டிற்காரர் முதலில் தம்மைத் திருத்திக்கொள்கின்றனர். படகின் இயந்திரத்தைத் தொலைவிலேயே நிறுத்துகின்றனர். தம் நிழல் மீன்மேல் விழாதவாறு அமர்ந்து, நெடுந்தொலைவு வீசுகின்றனர். விடியலையும், அந்தி மங்கலையும், காற்று நீர்மட்டத்தைச் சிலிர்க்கச் செய்யும் வேளையையும் தேர்ந்துகொள்கின்றனர். நரம்பும் மெல்லியதாக வேண்டும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, நைலான் நரம்பினுடையது ஏறத்தாழ 1.53, புளூரோகார்பன் நரம்பினுடையது 1.42. இவ்வெண் நீரினுடையதை நெருங்க நெருங்க, நரம்பு கண்ணுக்குப் புலப்படுவது குறையும். எனவே முள்ளை அடுத்த சில முழங்களேனும் புளூரோகார்பனாக அமைக்கின்றனர்.

போலி இரையிலும் பொய் வெளிப்படலாகாது. கருங்கடற்பகுதியிலிருந்தே வந்து, 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் கண்டறியப்பட்ட உளுவை மீன், இன்று இந்த பாஸ் மீனின் முக்கிய உணவுகளுள் ஒன்று. உளுவைக்குக் காற்றுப்பை இல்லை. அது தரையைத் தொட்டே திரியும். ஆதலின் மண் நிறமுடைய போலி இரையைத் தரையோடு மெல்ல இழுத்து, இடையிடையே அசைவின்றி நிறுத்துகின்றனர். பகட்டான நிறமும், இயற்கைக்கு மாறான அசைவும் கண்டால், மீன் அருகில் வந்து நோக்கித் திரும்பிவிடும்.

இத்துணை விழிப்புள்ள மீன் ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் தன் எச்சரிக்கையைத் துறந்துவிடுகிறது. மே, ஜூன் மாதங்களில் நீரின் வெப்பம் 15 பாகை செல்சியசைக் கடக்கும்போது, ஆண் மீன் தன் வாலால் சரளைக்கற்களைத் துடைத்து வட்டமான கூடு அமைக்கும். பெண் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு அகன்றுவிடும். தந்தையே தங்கி, துடுப்பால் முட்டைகளுக்கு நீரை விசிறி, பகையை விரட்டி, குஞ்சுகள் பிரிந்து செல்லும்வரை பல நாட்கள் இரையைப் பெரிதும் நாடாது காவல் நிற்கும். அப்பொழுது அருகில் வருவது எதுவாயினும் பாய்ந்து கவ்வும். பசியால் அன்று, காவற்கடமையால். தெளிந்த நீரில் அக்கூடு, கழுவிவைத்த தட்டுப்போல் படகிலிருந்தே தெரியும். மெல்லிய நரம்பும் வேண்டா, பொறுமையும் வேண்டா. சிறுவனும் அதனைப் பிடித்துவிடலாம்.

"பிடித்த மீனை உடனே நீரில் விட்டுவிடுகிறோமே, அதில் என்ன தீங்கு?" என்று வினவுவோர் உளர். ஈரி ஏரியில் நடைபெற்று 2004-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. காவல் மீன் அகன்றவுடன் உளுவைகள் கூட்டினுள் புகுந்து முட்டைகளை உண்ணத் தொடங்கின. மீன் திரும்பிவரத் தாமதமாகுந்தோறும் இழப்பும் பெருகியது. பிடித்தவன் படமெடுத்து மகிழும் சில நிமிடங்கள், கூட்டிற்குக் கொள்ளைபோகும் நிமிடங்களாகின்றன. கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் ஜூன் மாதப் பிற்பகுதி வரை பாஸ் பிடிக்கத் தடை இருப்பது இக்காவற்காலத்தைக் கருதியே.

சில கூடுகள் அழிவதால் அத்துணைப் பெரிய ஏரிக்கு என்ன குறை என்றும் வாதிடலாம். ஏரி முழுவதற்கும் கணக்கிடுவது அறிஞர் பணி. தூண்டிற்காரன் முன் இருப்பதோ ஒரே கூடு, ஒரே மீன். சட்டம் ஒவ்வொரு பாறையருகிலும் வந்து நிற்க இயலாது. கண்டவன் அவன் ஒருவனே.

மீன் நம்மைக் காண்பது நம் திறமைக்குச் சோதனை. நாம் மீனைக் காண்பது நம் மனத்திற்குச் சோதனை. பின்னதே பெரிது. நம் குளங்களிலும் விரால் மீன் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அருகே காவல் நிற்பதைக் காணலாம். அடுத்த முறை தூண்டிலோடு செல்லும் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டுங்கள். "இதை இப்போது பிடிக்க வேண்டாம்" என்று காரணத்தோடு கூறுங்கள். காத்திருக்கக் கற்றவனே நல்ல தூண்டிற்காரன்.