சாஹா என்றொரு சொல்

‘விஞ்ஞானத்துல ஏதுங்க சாதி?’ என்று கேட்டார் இயற்பியல் பேராசிரியர் ஒருவர். கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தோம். ‘சாஹா ஈக்குவேஷன்னு சொல்றோம். ராமன் எஃபெக்ட்னு சொல்றோம். எவர் என்ன சாதின்னு யாருக்குத் தெரியும்? இங்கிலீஷ்ல போயிட்டா எல்லாம் வெறும் பேருதான்.’

வெறும் பேராம்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். சமன்பாட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. பெயர்ச்சொல்லைப் பற்றிப் பேசலாமில்லையா? செய்தவர் பெயர் செய்த பொருளுக்கு ஆகிவந்தால் அதைக் கருத்தாவாகுபெயர் என்கிறது நம் இலக்கணம். ‘வள்ளுவரைப் படித்தேன்’ என்கிற மாதிரி. ஆங்கில அறிவியல் பூராவும் இந்த ஆகுபெயர்கள்தான். வாட், ஓம், வோல்ட் எல்லாமே மனிதர்களின் பெயர்கள். ஆனால் ஆங்கிலம் எடுத்துக்கொள்வது ஆளுக்கு வைத்த பெயரை அல்ல, பின்னால் தொங்கும் வாலை. ஐரோப்பியருக்கு அந்த வால் குடும்பம். வங்காளிக்கு அது பெரும்பாலும் சாதி.

மேக்நாத் சாஹா 1893இல் டாக்கா மாவட்டத்தின் சியோராத்தலி கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்குச் சின்ன மளிகைக்கடை. சாஹா என்றால் வங்காளத்தில் போதும். சாராயம் விற்கிற சுன்ரி சாதியோடு சேர்த்து, கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். 1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஈடன் இந்து விடுதிக்கு வந்தார். எங்களோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றார்கள் மேல்சாதி மாணவர்கள். சரஸ்வதி பூசையில் கிட்டே வராதே என்றார்கள். படிக்கிற பிள்ளைக்குப் படிப்புச் சாமியிடம் இடமில்லை! இதுதான் பார்ப்பனியத்தின் கல்வி.

அதே வகுப்பில் படித்தவர் சத்யேந்திரநாத் போஸ். 1915இல் எம்.எஸ்சி. தேர்வில் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். போஸ் என்பது காயஸ்தப் பெயர். 1945இல் டிராக் அதிலிருந்து ‘போசான்’ என்று ஒரு சொல்லைச் செய்தார். இன்று ஆங்கிலத்தில் அது சின்ன எழுத்தில் தொடங்கும் பொதுப்பெயர். 2012இல் ஹிக்ஸ் போசான் கண்டுபிடிக்கப்பட்டபோது, போஸை உலகம் மறந்துவிட்டது என்று நம் பத்திரிகைகள் பொங்கின. சாஹாவின் சாப்பாட்டுத் தட்டுக்காக அவை பொங்கி நான் படித்ததில்லை.

சாஹா தன் சமன்பாட்டை 1920இல் வெளியிட்டார். இந்த வெப்பத்தில், இந்த அழுத்தத்தில், அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானை இழந்து அயனியாக நிற்கும் என்று அது சொல்கிறது. ஒரு நட்சத்திரத்தின் ஒளிக்கோடுகளைப் பார்த்து அதன் சூட்டைக் கணக்கிட வழி பிறந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1925இல் சிசிலியா பெய்ன் நட்சத்திரங்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று காட்டினார். விடுதியில் தீட்டாக இருந்த அதே இரண்டெழுத்து நட்சத்திரத்தை அளக்கிற சொல்லாயிற்று.

இதைப் பார்த்துத்தான் ‘இங்கிலீஷ் சாதியைக் கழுவிடுச்சு’ என்கிறார்கள். கழுவியதா, மூடியதா?

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் மேகங்களின் தலைவன் என்று பொருள்படும் மேகநாதன், அதாவது இந்திரன். அவரோ அதை மேகத்தின் முழக்கம் என்ற பொருளுள்ள மேகநாதனாக மாற்றிக்கொண்டார் என்கிறார்கள் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள். இந்திரனையே கட்டி இழுத்துவந்த இராவணன் மகன்! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. வங்காளத்தில் ஓரெழுத்து வேறு. அந்த ஓரெழுத்தில் அவர் இலங்கையின் பக்கம் போய் நின்றார். தானே தேர்ந்தெடுத்த இந்தப் பெயர் சமன்பாட்டில் இல்லை. பிறப்பால் ஏறிய பெயர்தான் இருக்கிறது.

ராமனையும் சொன்னாரே பேராசிரியர். ராமனின் தந்தை சந்திரசேகர ஐயர். ‘ராமன்’ அவருடைய சொந்தப் பெயர். ஆங்கிலம் அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டது. அவர் அண்ணன் மகனின் ‘சந்திரசேகர் எல்லை’யும் அப்படித்தான். ஐயர் ஊரிலேயே தங்கிவிட்டார். சாஹா கூடவே போனார். சாதி கேட்டு யாரும் இலையை நகர்த்தாதவர்களுக்குத்தான் பேர் வெறும் பேரு.

உடனே ‘சாஹா நம்மாளு’ என்று சுவரொட்டி அடிக்க வேண்டாம், தோழர்களே. மேற்கு வங்க அட்டவணைச் சாதிப் பட்டியலில் ‘சுன்ரி (சாஹா நீங்கலாக)’ என்றே அச்சாகியிருக்கிறது. நான் அவருக்குச் சாதிச் சான்றிதழ் எழுத வரவில்லை. இயற்பியலில் ஒரு பொருள், விடுதியில் ஒரு பொருள், சட்டத்தின் அடைப்புக்குறிக்குள் ஒரு பொருள். மூன்றில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு விஞ்ஞானத்தில் சாதியில்லை என்பது அறியாமை அல்ல, வசதி.

ஐயா பேராசிரியரே, அடுத்த முறை கரும்பலகையில் அந்த இரண்டெழுத்தை எழுதும்போது விடுதிக் கதையையும் ஒரு நிமிஷம் சொல்லுங்க. காலையில் மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த ஒருத்தன் உங்கள் வகுப்பிலும் இருப்பான்.